நிலமற்றவன் பிள்ளைக்கு நாலே இடம்!

மொத்தம் 125 இடம். அதில் நிலமற்ற விவசாயத் தொழிலாளி பிள்ளைகளுக்கும், பரம்பரைக் கைத்தொழில் செய்வோர் பிள்ளைகளுக்கும் சேர்த்து நாலு இடம். ஒரு ஜில்லாவுக்கு அல்ல. ஒரு மாநிலத்துக்கும் அல்ல. காஷ்மீரிலிருந்து கன்யாகுமரி வரை தேசம் முழுமைக்கும் வருஷத்துக்கு நாலே நாலு இடம்! மத்திய சர்க்காரின் சமூகநீதி அமைச்சகம் நடத்துகிற தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டத்தின் லட்சணம் இது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் மேல்பட்டமும் டாக்டர் பட்டமும் படிக்க, ஏழைப் பிள்ளைகளுக்கு சர்க்கார் தருகிற பணம் இது. கல்லூரிச் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம், விமானக் கட்டணம், விசாச் செலவு, வைத்திய இன்சூரன்ஸ் எல்லாம் அதில் அடக்கம். மீதி 121 இடங்களில் 115 தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு; 6 சீர்மரபினருக்கும் நாடோடிப் பழங்குடியினருக்கும். அந்த 121-ம் போதாது என்பதே நமது கருத்து. அதில் ஒன்றைப் பிடுங்கி இந்தப் பக்கம் போடு என்று கேட்கிற புத்தி நமக்கு இல்லை. நாம் கேட்பது வேறு. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்த தேசத்தில் விவசாயக் கூலிகள் 14 கோடிக்கு மேல். 14 கோடிப் பேர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாலு இடம் என்று எழுதிய பேனா எந்தக் கணக்கில் எழுதியது?

இதை ஏன் இப்போது எழுதுகிறோம் என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இந்த இரண்டிலும் இன்று படிக்கிற பிள்ளைகளில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைத் தொழிலாளி மகன் இருக்கிறான். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் நடவு நடுகிற தாயின் மகள் இருக்கிறாள். கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளையும் இருக்கிறது. முன்பெல்லாம் சங்க ஆபீசுக்கு வந்தால் கூலி பாக்கி, பட்டா, ரேஷன் கார்டு என்று பேசுவார்கள். இப்போது அவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது: "தோழர், கம்ப்யூட்டர் மேல்படிப்பு வெளிநாட்டில் படிக்கணும்னு பொண்ணு சொல்லுது. ஏஐ-யாம். எப்படிப் போறது? எவ்வளவு ஆகும்?"

நல்ல கேள்வி. சந்தோஷமான கேள்வி. ஆனால் இதற்கு நம்மவர்களே சிலர் சொல்கிற பதில் நமக்குச் சம்மதமில்லை.

"நாற்று நடுகிறவன் பிள்ளைக்கு ஜெர்மனி எதற்கு?" என்கிறார் ஒருவர். தோழர்களே, இது பண்ணையார் பேச்சு. நம் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் எதற்கு என்று அன்று கேட்டான். காலேஜ் எதற்கு என்று பிறகு கேட்டான். இன்று கப்பலேறுவதற்கு வந்து நிற்கிறது அதே கேள்வி.

"படித்தவன் எல்லாம் ஓடிப்போனால் இந்த தேசம் என்ன ஆவது?" என்கிறார் மற்றொருவர். இதில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் எத்தனையோ வருஷமாக மேல்சாதி, மேல்தட்டு வீட்டுப் பிள்ளைகள் சர்க்கார் கல்லூரிகளில் படித்துவிட்டு அமெரிக்காவுக்குப் போனபோது இந்தத் தேசபக்தி எங்கே இருந்தது? கூலிக்காரன் பிள்ளை பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போதுதான் நினைவுக்கு வருகிறதா? ஏஐ என்கிற செயற்கை நுண்ணறிவு ஆலைக்குள் வரும், வயலுக்கும் வரும், ஆபீசுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. யாரை வேலையை விட்டு நிறுத்துவது என்று அந்த யந்திரத்தைக் கொண்டு முதலாளி கணக்குப் போடுகிற காலத்தில், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நம் வீட்டிலும் இருக்க வேண்டாமா?

தேவனாம்பட்டினத்துக்காரருக்கு கடல் கடந்த வியாபாரம் புதிதல்ல. 1690-ல் இங்கிலீஷ் கம்பெனி இங்கே கோட்டையை விலைக்கு வாங்கி செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. நம் நெசவாளி நெய்த துணி இந்தக் கரையிலிருந்து சீமைக்குப் போயிற்று. துணி போகலாம், லாபம் போகலாம். நெய்தவன் பிள்ளை மட்டும் படிக்கப் போகக் கூடாதாம்!

அம்பேத்கர் 1913-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அப்பன் சொத்தை விற்றுப் போகவில்லை. பரோடா சமஸ்தானம் மாதம் பதினொன்றரை பவுன் உதவித்தொகை கொடுத்தது, அதில் போனார். அந்தப் பணம் இல்லையென்றால் அந்தப் படிப்பு இல்லை. இந்த ஒரு விஷயத்தைத்தான் இக்கட்டுரையில் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறோம்: நம் பிள்ளைகள் போக வேண்டும், பொதுப் பணத்தில் போக வேண்டும். வீட்டுமனைப் பட்டாவை அடகு வைத்துப் போகக் கூடாது.

பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்

முதலில் படிப்பைப் பற்றி. ஏஐ என்ற பெயர் இன்று சந்தையில் நன்றாக விலை போகிறது. நாலு வருஷத்துக்கு முன்பு சாதாரணக் கம்ப்யூட்டர் படிப்பு என்று இருந்ததற்கு இன்று ஏஐ என்று போர்டு மாட்டி, கட்டணத்தை ஏற்றி விற்கிற கல்லூரிகள் இங்கேயும் உண்டு, வெளிநாட்டிலும் உண்டு. போர்டைப் பார்க்காதே, பாடத்திட்டத்தைப் பார். கணிதத்தில் அணிகளைப் பற்றிய பாடம், நிகழ்தகவு, புள்ளியியல், பிறகு புரோகிராம் எழுதும் பயிற்சி, தகவலைச் சேமித்து அடுக்கும் முறைகள் — இவைதான் இந்த வித்தையின் அஸ்திவாரம். அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டித் தருகிறேன் என்கிறவனிடம் போக வேண்டாம்.

முதல் பட்டத்தை இங்கேயே படிப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது நம் அபிப்பிராயம். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 சட்டப்படி 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் மாநில சர்க்காரே கட்டுகிறது. போராடிப் பெற்ற உரிமை இது. இதை விட்டுவிட்டு, பிளஸ் டூ முடித்த கையோடு 40 லட்சம் கடன் வாங்கி வெளிநாட்டில் முதல் பட்டம் படிக்க அனுப்புகிறவர்களைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. உதவித்தொகைகளும் பெரும்பாலும் மேல்பட்டத்துக்குத்தான். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் 'என்பிடெல்' என்ற பெயரில் காசில்லாமல் கிடைக்கின்றன. கேட் பரீட்சை எழுதி இங்கேயே எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. வெளிநாடு போகாவிட்டால் வாழ்வே இல்லை என்று எவனாவது சொன்னால் அவன் கமிஷன் ஏஜண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ராஜ் ரெட்டி என்று ஒருவர். அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் ஜில்லாவில் ஒரு கிராமத்தில் 1937-ல் பிறந்தவர். தகப்பனார் விவசாயி, குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவர்தான். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் 1958-ல் பட்டம் வாங்கினார். பிறகு ஆஸ்திரேலியாவில் மேல்பட்டம். பிறகு அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் 1966-ல் டாக்டர் பட்டம். மனிதன் பேசுவதை யந்திரம் புரிந்துகொள்ள வைப்பதுதான் அவர் ஆராய்ச்சி. கம்ப்யூட்டர் துறையில் உச்சமான டூரிங் பரிசை 1994-ல் பெற்றார். ஏஐ என்ற சொல் இங்கே யாருக்கும் தெரியாத காலத்திலேயே அதைப் படிக்க நம் பக்கத்திலிருந்து ஒருவர் போயிருக்கிறார். அவரும் இங்கே அஸ்திவாரம் போட்டுக்கொண்டுதான் போனார்.

தேவனாம்பட்டினத்தில் பி.எஸ்.சி. படிக்கிற பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது மூன்று வருஷப் பட்டம். பிரிட்டனில் இதை வைத்து மேல்பட்டத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நாலு வருஷப் படிப்பு கேட்கும். ஜெர்மனியிலும் சில இடங்களில் மூன்று வருஷம் போதாது என்பார்கள். அப்படியானால் இங்கேயே இரண்டு வருஷம் எம்.எஸ்.சி. அல்லது எம்.சி.ஏ. முடித்துவிட்டுப் போவது நல்லது. பி.இ. படித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியவர்கள் அது எந்த வருஷத்தில் சேர்ந்தது, அந்த வருஷம் யூ.ஜி.சி. அனுமதி இருந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று 2022-ல் யூ.ஜி.சி. அறிவித்தபோது எத்தனை பேர் தலையில் இடி விழுந்தது என்பது இந்த ஜில்லாவுக்குத் தெரியும்.

ஏஜண்டின் தராசு

பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் விளம்பரம். "ஆலோசனை இலவசம்" என்று போட்டிருக்கும். இலவசமாக ஏன் செய்கிறான்? வெளிநாட்டுக் கல்லூரி அவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கிறது. ஆகவே கமிஷன் தருகிற கல்லூரிதான் அவன் வாயில் நல்ல கல்லூரி. கமிஷன் தராத கல்லூரியின் பெயர் அவன் வாயில் வராது. அவன் தராசில் எடைக்கல்லே நம் பிள்ளைதான்!

ஒரு தோழர் வீட்டுப் பையன் விஷயம். அவனுக்கு ஜெர்மனியில் கட்டணமில்லாத சர்க்கார் பல்கலைக்கழகத்தில் சேர மார்க்கு இருந்தது. ஏஜண்டு ஒருவன், "அங்கே இடம் கிடைக்காது தம்பி, விசாவும் கஷ்டம்" என்று சொல்லி, வேறொரு தேசத்தில் பெயர் தெரியாத தனியார் கல்லூரிக்குப் பாரம் நிரப்பிவிட்டான். முன்பணமும் வாங்கிக்கொண்டான். அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தை நாங்கள் வாங்கிப் பார்த்தபோது ஏஐ என்று தலைப்பில் இருந்தது. உள்ளே கணிதம் ஒரு தாள்கூட இல்லை, மானேஜ்மெண்டு பாடம்தான் பாதி. நல்லவேளை, பாங்கிக் கடன் கையெழுத்தாகுமுன் தகப்பனார் சங்கத்துக்கு வந்தார். முன்பணத்தில் பாதிதான் திரும்ப வந்தது.

இது சின்ன விஷயம். 2023-ல் கனடாவில் நடந்ததைக் கேளுங்கள். பஞ்சாபிலிருந்து போன நூற்றுக்கணக்கான மாணவர்களின் கல்லூரி அனுமதிக் கடிதம் போலி என்று அந்நாட்டு அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். கடிதம் கொடுத்தவன் ஜலந்தரில் இருந்த ஏஜண்டு. போலி என்பது பிள்ளைகளுக்கே தெரியாது. அங்கே போய்ப் படித்து, வேலை பார்த்து, நிரந்தரமாகத் தங்க மனுப் போட்ட பிறகுதான் வெளியே வந்தது. நாடு கடத்துவோம் என்று நோட்டீசு. பிள்ளைகள் தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் நிறுத்தி விசாரித்தார்கள். அதற்கு முந்தைய வருஷம், கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித் தாய்லாந்துக்கு அழைத்துப் போகப்பட்ட நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பர்மாவில் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் அடைபட்டுக் கிடந்ததும் மறக்கக் கூடியதல்ல. அது படிப்பு அல்ல, வேலை; ஆனால் வலை வீசுகிற கை ஒன்றுதான்.

ஏஜண்டு இல்லாமல் முடியாதா? முடியும். பாரங்கள் எல்லாம் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கின்றன. மார்க்குப் பட்டியல், ஆங்கிலப் பரீட்சை மார்க்கு, பேராசிரியர் இரண்டு பேரின் சிபாரிசுக் கடிதம், இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று மாணவனே எழுதுகிற இரண்டு பக்கக் கடிதம் — இவ்வளவுதான் வேண்டும். அந்த இரண்டு பக்கத்தையும் ஏஜண்டு எழுதித் தருகிறேன் என்பான். வேண்டாம். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி நூறு பேருக்குக் கொடுக்கிறவன் அவன். அப்பன் ஆலையில் என்ன செய்கிறார், வீட்டில் விளக்கு எப்போது வந்தது, எந்தக் கணக்கு முதன்முதலில் பிடித்தது என்று பிள்ளை தன் கையால் எழுதினால் அதற்கு இருக்கிற பலமே வேறு.

எந்த தேசம் என்பதை இங்கே விரிவாகச் சொல்ல இடமில்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறோம். ஜெர்மனியில் பெரும்பாலான சர்க்கார் பல்கலைக்கழகங்களில் கல்லூரிச் சம்பளம் கிடையாது. பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாகாணத்தில் மட்டும் வெளிநாட்டார் பருவத்துக்கு 1,500 யூரோ 2017 முதல் கட்டவேண்டும். மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வெளிநாட்டாரிடம் கட்டணம் வாங்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் சம்பளம் இல்லை என்றதும் சும்மா போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே பாங்கியில் போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோ வீதம் பிள்ளைக்கே திரும்ப வரும். ஒரு யூரோ நூறு ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் சுமார் 12 லட்சம். நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 336 ரூபாய். வருஷம் நூறு நாளும் வேலை கிடைத்து, ஒரு பைசா சாப்பிடாமல் சேர்த்தால், இந்தத் தொகை சேர 35 வருஷம் ஆகும்!

பிரிட்டனில் ஒரே வருஷத்தில் மேல்பட்டம் முடியும். ஆனால் கட்டணம் பெரும்பாலும் 15,000 பவுனுக்கு மேல், பெரிய இடங்களில் 35,000-ஐயும் தாண்டும். படித்து முடித்தபின் தங்கி வேலை தேட இரண்டு வருஷம் என்று இருந்ததை, 2027 ஜனவரி முதல் மனுச் செய்வோருக்கு ஒன்றரை வருஷமாகக் குறைக்கிறார்கள். அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் டிரம்ப் சர்க்கார் எச்-1பி வேலை விசாவின் புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தது. அங்கேயே படித்துவிட்டு விசா மாற்றுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. நாளைக்கு என்ன விளக்கம் வருமோ! அந்த தேசத்து வேலையை நம்பி இங்கே கடன் வாங்குகிறவன், அந்த தேசத்து ஜனாதிபதியின் ஒரு கையெழுத்தை நம்பி வாங்குகிறான்.

கடன் என்றோம். ஏழரை லட்சம் வரை பாங்கி ஈடு கேட்காது. அதற்கு மேல் போனால் சொத்து ஈடு, ஜாமீன். நம் ஜனங்களிடம் என்ன சொத்து? பட்டா கிடைத்த அரை சென்டு, ஒரு சென்டு மனை. தனியார் கம்பெனிகள் ஈடில்லாமலும் தருகின்றன, வட்டியைக் கூட்டி. 30 லட்சம், 11 வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி மட்டும் மாதம் 27,500 ரூபாய். பிள்ளைக்கு அங்கே ஆறு மாதம் வேலை கிடைக்கவில்லையென்றால் இங்கே யார் கட்டுவது? கரும்பு வெட்டுகிற அப்பனா?

171 நாள் கூலி

சரி, உதவித்தொகைக்கே மனுப் போடுவோம் என்று கிளம்புகிறது பிள்ளை. அங்கேதான் ரகசியக் கதவு ஒன்று இருக்கிறது. மத்திய சர்க்கார் உதவித்தொகைக்கு மனுப் போட, உலக வரிசையில் முதல் 500-க்குள் இருக்கிற பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் முதலில் கையில் இருக்க வேண்டும். முதல் பட்டத்தில் 60 சதவீத மார்க்கு, வயது 35-க்குள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் — இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. ஆனால் அந்த அனுமதிக் கடிதம் வாங்க எவ்வளவு செலவு என்று யாராவது கணக்குப் போட்டார்களா? நாம் போட்டோம். ஆங்கிலப் பரீட்சைக்குச் சுமார் 18,000 ரூபாய். ஜெர்மனி போவதென்றால் 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். என்ற சான்று பார்க்கும் ஆபீசின் அத்தாட்சி கட்டாயம், அதற்கு 18,000. ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு மனுக் கட்டணம் 195 யூரோ, அதாவது சுமார் 20,000. பாஸ்போர்ட்டு 1,500. ஆகக்கூடி 57,500 ரூபாய். உதவித்தொகை கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமலேயே, அந்தக் கதவைத் தட்டுவதற்கு மட்டும் ஆகிற செலவு! நூறு நாள் வேலைக் கூலியில் 171 நாள். ஏழைக்கு உதவி என்று திட்டத்தின் பெயரில் இருக்கிறது. ஆனால் வாசலில் டிக்கெட் விற்கிறார்கள்.

கிடைத்த பிறகாவது நிம்மதி உண்டா? 2025 ஜூலையில் இந்தத் திட்டத்தில் 106 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 40 பேருக்கு உத்தரவு கொடுத்தார்கள். மீதி 66 பேருக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். அந்த 66 பேரும் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கி, வாசல் வரை வந்து நின்ற பிள்ளைகள். வகுப்பு ஆரம்பிக்க இரண்டு மாதமே இருந்தது. பெருமுதலாளிகளின் கடனைப் பாங்கிகள் லட்சக்கணக்கான கோடியில் கணக்கிலிருந்து தள்ளி எழுதுகிற நாட்டில், 66 பேருக்குப் பணமில்லை! சிறுபான்மைப் பிள்ளைகளின் அயல்நாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி கொடுத்து வந்த 'படோ பர்தேஷ்' திட்டத்தையோ 2022-ல் நிறுத்தியே விட்டார்கள்.

மாநில சர்க்காரின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இதைவிட மேலானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடி, மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வருஷம் 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆங்கிலப் பரீட்சைக்குப் பயிற்சி கொடுக்கிற செலவைத் தாட்கோ ஏற்கிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துச் சேரிகளில் பி.இ., எம்.எஸ்.சி. முடித்த பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்? நாம் பல கிராமங்களில் கேட்டோம். பத்துக்கு எட்டுப் பேர் முதல்முறையாகக் கேள்விப்படுகிறோம் என்றார்கள். ஏஜண்டின் விளம்பரம் சுவரெல்லாம் இருக்கிறது. சர்க்காரின் நோட்டீசு தாலுகா ஆபீஸ் உள்ளறையில் இருக்கிறது.

வன்னியர் வீட்டு விவசாயத் தொழிலாளி மகள், குறிஞ்சிப்பாடி நெசவாளி மகன் — இவர்களுக்கு மாநிலத்தின் இந்தத் திட்டம் இல்லை. பிற்பட்டோர் கழகத்தில் இருப்பது கடன், உதவித்தொகை அல்ல. ஆகவே அவர்களுக்கு முழு உதவி என்று மிச்சமிருப்பது மத்திய சர்க்காரின் அந்த நாலு இடம்தான். தேவனாம்பட்டினத்து மீனவர் பிள்ளைக்கோ அதுவும் இல்லை; மீனவர் என்ற சொல்லே அந்தப் பட்டியலில் கிடையாது. சேரிப் பிள்ளைக்குக் கிடைக்கிறது, நமக்கில்லையே என்று ஊர்த்தெருவில் பேச ஆரம்பித்தால் அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கப் போகிறவன் யார் என்று தெரியுமல்லவா? இரண்டு தெருப் பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்பதுதான் சங்கத்தின் வேலை.

ஒரு காலத்தில் இப்படியும் நடந்தது என்பதற்காகச் சொல்கிறோம்: 1960-ல் சோவியத் நாடு மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் திறந்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாப் படிப்பு, கைச்செலவுக்கும் பணம். மறு வருஷம் அதற்குக் கொல்லப்பட்ட காங்கோ தலைவர் லுமும்பாவின் பெயரை வைத்தார்கள். தேசத்திடம் பணம் இருக்கிறதா என்பதல்ல கேள்வி, யாருக்குச் செலவிடுவது என்பதே கேள்வி என்று அது காட்டியது.

கோரிக்கைகள் கடினமானவை அல்ல. நிலமற்றோருக்கான நாலு இடத்தை நானூறாக்கு. மீனவரையும் ஆலைத் தொழிலாளியையும் பட்டியலில் சேர். தேர்ந்தெடுத்த பிள்ளைக்கு நிதி இல்லை என்று சொல்லும் வழக்கத்தை ஒழி. மனுப் போடும் செலவை, அந்த 57,500 ரூபாயை, தகுதியுள்ள பிள்ளைக்கு சர்க்காரே முன்கூட்டிக் கொடு. இதில் கடைசிக் கோரிக்கையை மாநில சர்க்கார் நினைத்தால் அடுத்த வருஷமே செய்யலாம். அதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டியதில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் கூலி உயர்வு மனுவோடு இதையும் ஜில்லா கலெக்டரிடம் கொடுக்கலாம். கூலி வேறு, படிப்பு வேறு என்று பிரித்துப் பார்க்கிற பழக்கத்தைச் சில கிளைகள் விட வேண்டும்.

அதுவரை பிள்ளைகள் சும்மா இருக்க முடியாது. ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் ஆரம்பம்; பல இடங்களில் மனு வாங்குவதை அதே வருஷம் மார்ச்சு, மே, ஜூலையில் மூடிவிடுவார்கள். ஏ.பி.எஸ். அத்தாட்சி வரவே மாதக்கணக்காகலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முந்தைய டிசம்பர், ஜனவரியிலேயே கேட்கும். ஆகவே போக வேண்டிய வருஷத்துக்கு முந்தைய வருஷமே வேலையைத் துவக்க வேண்டும். கடைசி வருஷம் படிக்கிற பிள்ளைகள் வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், எல்லாப் பருவத்து மார்க்குப் பட்டியல், நிலமற்ற விவசாயத் தொழிலாளி என்பதற்கு வருவாய்த்துறை அத்தாட்சி இவற்றை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளட்டும். கிராம நிர்வாக அதிகாரி இழுத்தடித்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க ஆபீசில் உட்கார்ந்து பாரம் நிரப்பித் தர இரண்டு கல்லூரித் தோழர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கட்டணம் கிடையாது, அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுப் போக வேண்டாம், எங்களிடமும்கூட. நகல் போதும்.